கேட்காத பக்கம்

ஜின்ஸியின் கட்டிலைக் கழற்றி விறகுக் கொட்டகையில் சாத்தி வைத்த நாளிலிருந்து ரோஸிலி மாடிக்கு ஏறவில்லை. மேலே என்ன நடக்கிறதென்று சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்தது. சுவரில் துளை இறங்கும் சத்தம், ஏணியை இழுக்கும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய வீட்டுக்காரர் டேவிஸின் அதட்டல். காலடி என்கிற ஊரில் ஜெய்ஸனுக்குக் கட்டிக்கொடுத்த மகளின் அறை அது. இப்போது ஜன்னல்களை அடைத்துக் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டாகிவிட்டது. ஒரு சுவர் முழுக்க வெள்ளைத் திரை. குன்னங்குளத்திலிருந்து ஷாஜன் என்கிற ஆள் வேன் நிறையப் பெட்டிகளோடு வந்து ஸ்பீக்கர்களை இறக்கியிருந்தான்.

டேவிஸ் சவூதியில் டிரெய்லர் ஓட்டிய காலத்தில் மனதில் போட்டு வைத்த ஆசை இது. ஒருமுறை ஓர் அரபியின் மாளிகைக்குச் சாமான் இறக்கப் போனபோது அந்த ஆள் இவரையும் உள்ளே உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினாராம். திரையில் குதிரை வருவதற்கு முன்பே குளம்புச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டதாம். தோளைத் தாண்டிப் போய் அப்புறம்தான் திரைக்குள் புகுந்ததாம். "திரும்பிப் பார்த்துட்டேன் ரோஸிலி. மிதிச்சிடும்னு காலை இழுத்துக்கிட்டேன்," என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பி வந்து, வீட்டை இடித்துக் கட்டி, மகளை அனுப்பிவிட்டு, இப்போதுதான் அதற்கு வேளை வந்தது.

சாலக்குடிக்குப் பக்கத்தில் ஆளூரில் அந்தக் கர்க்கடக மாசம் முழுக்க மழை விடவேயில்லை. ஜாதிக்காய் விழுகிற காலம். விடிந்ததும் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு தோப்புக்குள் குனிந்து குனிந்து பொறுக்கினால்தான் உண்டு. ஒரு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பொறுக்கி வந்து, தோட்டைப் பிளந்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவந்த பத்திரியைக் கிழியாமல் பூப்போல உரித்து, மூங்கில் தட்டில் பரப்பி, அடுப்புக்கு மேலே சூட்டில் காய வைக்க வேண்டும். ரோஸிலியின் விரல் நகங்களிலெல்லாம் அந்தச் சிவப்பு ஏறிப்போயிருந்தது. ஓர் அடுப்பில் நேந்திரங்காய் போட்ட மாட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்தவனுக்குச் சோறு போட வேண்டுமே.

"ரோஸிலியே! மூணு சாயா!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

வேறு வழியில்லாமல் டீ போட்டு எடுத்துக்கொண்டு ஏறினாள். அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வூஃபர் என்கிற கனத்த ஸ்பீக்கரைத் தூக்கிச் சோபாவின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஷாஜன் நல்ல தடித்த ஆள். அவன் முட்டி போட்டுச் சுவரோரமாக ஊர்ந்துகொண்டிருந்தான். அங்கங்கே நின்று தலையைத் தரைக்குச் சாய்த்துக் கேட்டான். பக்கத்து வீட்டு இனாசு, டேவிஸோடு சின்ன வகுப்பிலிருந்து படித்தவர், மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாதீங்க சேச்சி," என்றார் இனாசு. "கரப்பான் பிடிக்க ஆள் வந்திருக்கு."

"சிரிக்காதீங்க இனாசேட்டா," என்றான் ஷாஜன். "வூஃபரை உட்கார்ற இடத்துல வச்சுட்டு நாம சுத்தி வரணும். எந்த மூலையில 'தும்'முனு அடிவயித்துல வந்து விழுதோ அந்த மூலைதான் வூஃபருக்கு."

"என் அடிவயித்துல காலைலருந்து ஒண்ணுமே விழல. அதுக்கு எதை எங்க வைக்கறது?"

"கீழ மாட்டிறைச்சி வேகுது. பொறுங்க," என்றாள் ரோஸிலி.

டேவிஸ் இதில் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பக்கத்து ஸ்பீக்கரின் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி என்று திருப்பிக்கொண்டிருந்தார். "சுவரை ஒட்டி வைக்காதே ஷாஜா. கொஞ்சம் தள்ளி வை. உட்கார்ந்தா நேரா காதுக்கு வரணும், தலைக்கு மேல போகக் கூடாது. பின்னாடி ரெண்டும் கொஞ்சம் உசரத்துல இருக்கட்டும். எது எங்கருந்து வரணுமோ அது அங்கருந்துதான் வரணும்."

ரோஸிலி டம்ளர்களை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஒரு சத்தம் எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு இத்தனை பாடுபடுகிற மனுஷன், பெற்ற பெண்ணைப் பற்றி இவள் வாய்விட்டுச் சொன்னதற்கு ஒரு 'ம்' கூடச் சொல்லவில்லை. அது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பிரார்த்தனையில் அவருக்குப் பக்கத்தில் முட்டி போட்டாள். மனதுக்குள் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அவள் இறங்கப் போனபோது ஷாஜன் வூஃபரைத் திரைக்குப் பக்கத்து மூலைக்கு நகர்த்தி முடித்திருந்தான்.

"இப்ப சேட்டன் நடுவுல உட்காருங்க. ஒரு சோதனைச் சத்தம் போடறேன். மழை மாதிரி 'ஸ்ஸ்'ஸுனு ஒவ்வொரு ஸ்பீக்கரா சுத்தி வரும். எது கூட, எது கொறச்சல்னு சொன்னாப் போதும். மிச்சத்தை நான் சரி பண்ணிக்கறேன்."

டேவிஸ் கைகளைத் துடைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்தம் எழுந்தது.

"இது எது?" என்றார்.

"இடது, முன்னாடி."

"இல்லையே. வலப்பக்கம்தானே வருது."

"வலது அடுத்ததா வரும். இதோ, இப்ப நடுவுல."

"இதுவும் வலது."

"இதான் வலது."

"இது சரி. நல்லா இருக்கு. அடுத்தது? இது எங்க பின்னாடி வருது? எல்லாமே வலப்பக்கம்தான் வருது ஷாஜா. நீ வயரை மாத்திச் சொருகியிருக்கே."

ஷாஜன் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். இனாசு எழுந்து போய் இடது பக்கத்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். "டேய் டேவிஸு, இது கத்துதுடா. என் காது புண்ணாப் போச்சு."

"நீ சும்மா இரு. காலைலயே ஊத்திட்டு வந்து நிக்கறான்."

ஷாஜன் இடது ஸ்பீக்கரின் வயரை வலதுக்கும், வலதின் வயரை இடதுக்கும் மாற்றிப் போட்டான். மறுபடி சத்தம் ஒரு சுற்று வந்தது. டேவிஸின் முகம் சிவந்துவிட்டது. "அதேதான்! இடது பக்கம் எல்லாம் செத்துக் கெடக்கு. மட்டமான சரக்கைக் கொண்டு வந்து எம் தலைல கட்டறியா?"

"டேவிஸேட்டா, வார்த்தையை அளந்து பேசுங்க. இந்தத் தொழில்ல என்னை ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல."

"ரோஸிலி! நீ இங்க வந்து உட்காரு. இவங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து என்னை முட்டாளாக்கப் பாக்கறாங்க."

அவள் போய் உட்கார்ந்தாள். ஜின்ஸி தலையணை வைக்கிற இடம் அது. கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் இடக் கன்னத்துப் பக்கமிருந்து எழுந்து, எதிரே வந்து, வலக் கன்னத்தைத் தொட்டு, முதுகுக்குப் பின்னால் போய், இடது தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"சுத்தித்தான் வருது," என்றாள்.

"எங்க சுத்தி வருது?"

"சுத்தித்தாங்க வருது. இதோ இப்ப இந்தப் பின் மூலையில இருக்கு. உங்களுக்குக் கேக்கலயா?"

"எந்திரி." டேவிஸ் அவளைத் தள்ளாத குறையாக எழுப்பிவிட்டார். உட்காரவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றார். "இப்பப் போடு."

ஷாஜன் போட்டான்.

"பாத்தியா! இப்ப எல்லாம் எதிர்ச் சுவருக்கு ஓடிப்போச்சு! இவ்வளவு நேரம் நல்லா இருந்த பக்கம் இப்ப செத்துருச்சு! வயர்லதான் கோளாறுன்னு நான் தலைதலையா அடிச்சு..."

பேச்சு பாதியில் நின்றது. சுட்டிக்காட்டிய கை அப்படியே இருந்தது. மெல்ல ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார். பிறகு திரையைப் பார்த்து. பிறகு மறுபடி வாசலைப் பார்த்து. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் சத்தம் வளர்த்த நாய் போல அவருடைய வலது தோளை ஒட்டியே கூட வந்தது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வலது காதுக்குள் விரலை விட்டு அடைத்துக்கொண்டார்.

"நிறுத்திட்டியா?" என்றார்.

"இல்ல சேட்டா. ஓடிட்டுதான் இருக்கு."

டேவிஸ் ஷாஜனின் வாயையே பார்த்தார். "நிறுத்திட்டியான்னு கேட்டேன்."

அந்த அறை முழுக்க இரைந்துகொண்டிருந்தது. இனாசு எழுந்து வந்து, சிறு பிள்ளையின் கையைப் பிடிப்பது போல அவர் மணிக்கட்டைப் பிடித்து விரலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஓடுதுடா," என்றார்.

ஷாஜன் சத்தத்தை நிறுத்தினான். மாடிக்கு மேலே மழை பெய்வது அப்போதுதான் தெரிந்தது.

"எப்பலருந்துடா?" என்று இனாசு கேட்டார்.

"தெரியலயே." டேவிஸ் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "சவூதி வண்டில டிரைவர் இடப்பக்கம்ல. அந்தக் கண்ணாடியைத் திறந்து போட்டுத்தான் ஓட்டுவேன். சூட்டுக்காத்து, மணலு, எதிர்ல வர்றவன் ஹார்ன். எறங்கினா அந்தக் காது 'கும்'முனு இருக்கும். தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போயிடும்னு நெனப்பேன். அப்புறம் அந்தக் 'கும்'மும் இல்லாமப் போச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"கூப்பிட்டா எங்கயோ பார்ப்பே. பணம் வந்ததும் தலைக்கனம் ஏறிப்போச்சுன்னு கடைத்தெரு பூரா நான்தான் சொல்லிட்டு அலைஞ்சேன்," என்றார் இனாசு. அதற்கு மேல் அவருக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை.

ஷாஜன் வயர்களைச் சுருட்டி ஓரமாக வைத்தான். "நல்ல டாக்டரா பாருங்க சேட்டா. மிச்சத்தை இன்னொரு நாள் வந்து முடிக்கறேன்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டான்.

ரோஸிலி அடுக்களைக்கு வந்து தட்டிலிருந்த பத்திரியைக் கிளறிவிட்டாள். மனசெல்லாம் பயம். வியாதி என்றால் என்ன வியாதி, தலைக்குள் ஏதாவது இருக்குமோ, யாரிடம் காட்டுவது. அடிப்பக்கம் கருகத் தொடங்கியிருந்த ஒரு பத்திரியை எடுத்துப் போட்டாள். இடது காது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். இடது காது. இங்கே வண்டியில் டிரைவர் வலப்பக்கம். அவர் ஓட்டும்போது அவள் உட்காருவது...

கை தட்டின் விளிம்பில் பட்டது. சூடு உறைக்கவில்லை.

போன வருஷம் இதே மழைக்காலம். ஜின்ஸி வந்து கொஞ்ச நாள் இருந்தாள். வெளியே வராமல், முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருந்தாள். திரும்பிப் போகிற அன்று காலையில் உடை மாற்றும்போதுதான் ரோஸிலி பார்த்தாள். மேல் கையில் தேய்ப்புப் பெட்டியின் முனை அப்படியே பதிந்து தோல் உரிந்திருந்தது. "ஜெய்ஸன் சட்டையில மடிப்பு சரியில்லன்னு வச்சான்மா," என்றாள் பெண், ஏதோ பாலில் உப்பு விழுந்ததைச் சொல்வது போல. கீழே டேவிஸ் பெட்டிகளை ஏற்றிவிட்டு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். "நீ ஏறு மோளே. வண்டியில நான் அப்பாகிட்டச் சொல்றேன்," என்றாள் ரோஸிலி.

சொன்னாள். சாலக்குடி தாண்டியதும் சொன்னாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, வைப்பர் அடிக்க அடிக்க, தொண்டையில் பலமில்லாத குரலில், ஆனால் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். டேவிஸ் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும், "கொரட்டில நேந்திரன் நல்லா இருக்கும். அவங்களுக்கு ஒரு குலை வாங்கிக்கலாம்," என்றார்.

அதுதான் பதில் என்று இரண்டு பெண்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர் குடையோடு இறங்கிப் போய், நாலு குலையைத் தட்டிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி வந்தார். பின்சீட்டில் ஜின்ஸி அழவில்லை. மூச்சுப் படிந்த கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். காலடியில் டேவிஸ் சம்பந்தி வீட்டாரோடு சிரித்துப் பேசி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் ஜின்ஸி கிறிஸ்துமஸுக்கு ஒரு பகல் வந்தாள். அப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. "புருஷன் வீடு வசதியான வீடு, அதான் நம்மளைக் கண்ணுக்குத் தெரியல," என்று டேவிஸ் சொல்லிக்கொண்டார். ரோஸிலி அதைக் கேட்டுப் பல்லைக் கடித்தாள்.

ரோஸிலி அடுப்பை அணைத்தாள். முன்னால் வந்தாள். டேவிஸ் கார் நிறுத்துகிற தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தகரத்தின் மேல் மழை அறைந்துகொண்டிருந்தது. இனாசு போய்விட்டிருந்தார்.

அவள் அவருடைய இடப்பக்கம் போய், தோளுக்குக் கொஞ்சம் பின்னால் நின்றாள். அன்று காரில் இருந்த தூரம்தான். அன்றைய குரலில் அதையே சொன்னாள்.

"ஜின்ஸி கையில ஜெய்ஸன் தேய்ப்புப் பெட்டியால சூடு வச்சிருக்கான். அவளை அங்க விட வேண்டாம். வண்டியைத் திருப்புங்க."

டேவிஸ் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மயிர் அசையவில்லை. சற்றுப் பொறுத்து, தனக்குத்தானே, "இது இன்னைக்கு விடாது போலிருக்கு," என்றார்.

ரோஸிலி தூணைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாகத் தான் வெறுத்த மனுஷன் இங்கே இல்லை. இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவுமே தெரியாது. நாற்காலியைச் சுற்றி வலப்பக்கம் வர அவளுக்கு நாலடிகூட இல்லை. அதை நடக்க அவள் படாத பாடு பட்டாள்.

"என்ன, ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு?" என்றார் டேவிஸ். "காதுதானே போச்சு. இன்னொண்ணு இருக்கில்ல."

அவள் சொன்னாள். முதலில் சூட்டைச் சொன்னாள். பிறகு காரைச் சொன்னாள்.

"எந்தக் கார்ல?"

"நம்ம கார்லதான். கொரட்டில நேந்திரக் குலை வாங்கின அன்னைக்கு. பக்கத்துல உட்கார்ந்து சொன்னேன். ஜின்ஸி பின்னாடி இருந்தா."

டேவிஸ் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். வாய் திறந்தபடி இருந்தது.

"நான் அந்தக் குலையை அவன் கையில குடுத்தேன்," என்றார்.

"ம்."

"அவன் கையில குடுத்தேன் ரோஸிலி. தோள்ல தட்டிக் குடுத்தேன்."

அவள் நகத்தில் ஏறியிருந்த சிவப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி மறுபடி சொல்லல?"

"நீங்க கேட்டுட்டுத்தான் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"இத்தனை நாளா?"

"இத்தனை நாளா."

"அவளும் அப்படித்தான் நெனச்சிருக்காளா?"

ரோஸிலி ஆமென்று தலையை ஆட்டினாள். டேவிஸ் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றாள்.

"காது எங்கயும் ஓடிப் போகாது. ஏறு. முன்னாடி வேண்டாம், எனக்குப் பின்னாடி உட்காரு. நீ பேசினா எனக்குக் கேக்கணும்."

கொரட்டியில் குலைக்கடையைத் தாண்டும்போது டேவிஸ் வண்டியை இன்னும் விரட்டினார்.

காலடியில் சம்பந்தியம்மா அன்னம்குட்டி குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறக்க வந்தார். இவர்களைப் பார்த்ததும் அவர் கை தாழ்ப்பாளிலேயே நின்றது.

"ஜின்ஸியைக் கூப்பிடுங்க," என்றார் டேவிஸ்.

அன்னம்குட்டி இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரியாத மாதிரிக் கேக்கறீங்களே. அவ இங்க இல்லயே."

"எங்க போயிருக்கா?"

"ஈஸ்டருக்கு முந்தின நோம்பு காலத்துலயே போயிட்டாளே! அங்கமாலில ஜெர்மன் படிக்கறா, நர்ஸ் வேலைக்குப் போகப் போறா. நீங்க ரெண்டு பேரும்தான் அனுப்பி வச்சீங்கன்னு நாங்க நெனச்சுட்டு இருக்கோம். அவ உங்ககிட்டச் சொல்லலயா?"

ரோஸிலிக்கு மழை நின்றுவிட்டது போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை முடிந்ததும் ஃபோன் வரும். "சுகம்தான்மா." ஈஸ்டருக்கு வேளாங்கண்ணி போகிறோம் என்றாள். போன வாரம்கூட, "மாமியார் தேங்கா உரிச்சிட்டு இருக்காங்க, அப்புறம் பேசறேன்," என்றாள்.

"பாருங்க," என்று அன்னம்குட்டி குரலைத் தாழ்த்தினார். "நாங்களும் வெளிய யார்கிட்டயும் சொல்லல. சின்னஞ்சிறுசுகளுக்குள்ள ஏதோ..."

டேவிஸ் குடைக்குள் குனிந்து வலது காதை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனார். "எனக்கு இந்தப் பக்கம்தான் கேக்கும். இங்க சொல்லுங்க. சின்னஞ்சிறுசுகளுக்குள்ள என்ன?"

அன்னம்குட்டி பின்னால் நகர்ந்தார்.

"உங்க மகன் வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க," என்றார் டேவிஸ். "மறுபடி வருவேன்னும் சொல்லுங்க."

காருக்குள் வந்து ரோஸிலி ஃபோன் போட்டாள்.

"எங்க இருக்கே மோளே?"

"வீட்லதான்மா."

"எந்த வீட்ல? நாங்க காலடி வாசல்ல நிக்கறோம்."

மறுமுனையில் நிறையப் பெண்கள் சேர்ந்து புரியாத ஒரு பாஷையில் எதையோ ஒப்பிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டில் டியூஷன் என்று ஜின்ஸி சொல்லி வந்த சத்தம் அதுதான்.

"அப்பாவுமா?" என்றாள் கடைசியில்.

"அப்பாதான் கூட்டிட்டு வந்தார்."

அங்கமாலியில் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற விடுதி. பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஜின்ஸி மாடிப்படியில் இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். அரைக்கைச் சுடிதார் போட்டிருந்தாள். தழும்பு வெளியே தெரிந்தது. அவள் அதை மறைக்கவில்லை. டேவிஸின் பார்வை அதிலேயே போய் நின்றது.

"மோளே," என்றார். "அன்னைக்கு வண்டில அம்மா சொன்னது எனக்குக் கேக்கல. சத்தியமாக் கேக்கல. இந்தக் காது செத்துப் போச்சு. இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சுது."

ஜின்ஸி அம்மாவைப் பார்த்தாள். ரோஸிலி ஆமென்று தலையசைத்தாள். நர்ஸ் படிப்பு படித்த பெண் அல்லவா, பேசாமல் நடந்து அப்பனின் இடப்பக்கம் போனாள். காதுக்குப் பக்கத்தில் விரல்களைச் சொடுக்கினாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொடுக்கினாள். பிறகு அவள் கை தானாகக் கீழே விழுந்தது. கிட்டத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, "கர்த்தாவே," என்றாள்.

"சரி," என்றாள் பிறகு. இப்போது அவருக்குக் கேட்கும்படி, எதிரே நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். "வண்டில கேக்கல. அதுக்கு முன்னாடி அத்தனை நாள் வீட்ல இருந்தேனே அப்பா. அந்தப் புழுக்கத்துல முழுக்கை போட்டுட்டு, பாதிச் சோத்துல எந்திரிச்சிட்டு, உங்க கண்ணு முன்னாடிதான் இருந்தேன். கண்ணு நல்லாத்தானே தெரிஞ்சுது? ஏன் மோளே இப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை நீங்க கேக்கலயே."

"அப்பாவுக்கு இன்னைக்குக் காலைலருந்து..." என்று ரோஸிலி ஆரம்பித்தாள்.

"நீயும்தான்மா." ஜின்ஸி குரலை உயர்த்தவில்லை. "ஒரே ஒரு தடவை சொன்னே. அவர் பேசலன்னதும் நீயும் வாயை மூடிட்டே. கொரட்டில அவர் குடையை எடுத்துட்டு இறங்கிப் போனாரே, அப்ப வண்டில நாம ரெண்டு பேர்தான் இருந்தோம். கதவைத் திறந்து எறங்குடி, பஸ் புடிச்சுப் போயிடலாம்னு நீ சொல்லுவேன்னு பார்த்தேன். நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

ரோஸிலிக்கு ஞாபகம் வரவில்லை.

"முகத்தைத் துடைச்சுக்கோ, அவங்க வீட்ல பார்த்தா ஏதாவது நெனப்பாங்கன்னு சொன்னே."

மாடியில் வகுப்பு விட்ட பெண்கள் கலகலவென்று படியிறங்கி வந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகச் சாப்பாட்டு அறைப் பக்கம் போனார்கள். ரோஸிலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் இப்ப வீட்டுக்கு வரல," என்றாள் ஜின்ஸி. "பரீட்சை இருக்கு. முடிச்சாத்தான் வேலை. அங்க திரும்பிப் போகவும் மாட்டேன்."

"வர வேண்டாம்," என்றார் டேவிஸ். "உனக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வா."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டையின் மாறிப்போன பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மகள் தன் வலப்பக்கம் வரும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தழும்பைத் தொடுவதற்குக் கை நீண்டது. தொடாமல் திரும்பியது.

"வலிச்சுதா, மோளே?" என்று கேட்டார்.

ஜின்ஸி பதில் சொல்ல வாயெடுத்தாள். உதடு கோணியது. காரிலும் அழாதவள், கிறிஸ்துமஸுக்கு வந்தபோதும் அழாதவள், இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ரொம்ப வலிச்சுதுப்பா," என்றாள்.

டேவிஸ் தலையை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். கல்யாணமான முதல் மாசத்திலிருந்து சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, இடையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, விளக்குப் போடுகிற நேரம் வரை சொன்னாள். அவள் சொன்னதில் பாதிக்கு மேல் ரோஸிலிக்கும் அன்றுதான் தெரிந்தது.